உன் ரத்தத்தின் மேல் நான் போட்ட பழி

அன்புள்ள சுதா,

கடிதத்தின் முதல் பத்தியிலேயே காரியத்தைச் சொல்லிவிட வேண்டும், நலம் விசாரித்துப் பக்கத்தை நிரப்பக் கூடாது என்று எங்கள் கான்வென்ட்டில் கண்டிப்பாகச் சொல்லித் தந்தார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் தம்பி செந்தில் உன் ரத்தத்தால் சாகவில்லை. “உன்ற ரத்தந்தான் அவனத் தின்னுபோடுச்சு” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உன்னிடம் சொன்னது பொய். துக்கத்தில் வாய் தவறி வந்தது என்று இந்த ஒரு வருடமாக எல்லோரும் எனக்காகச் சமாதானம் சொல்லிவந்தார்கள். அதுவும் பொய். சொல்லும்போதே அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. அன்று அந்த வராந்தாவில் பதினோரு பேர் நின்றார்கள். உன் சித்தப்பா வீட்டார், செந்தில் மனைவி சரண்யாவின் பெற்றோர், நம் பனியன் யூனிட்டில் துணி செக்கிங் பார்க்கும் பெண்கள் இரண்டு பேர் என்று எல்லோரும் நான் சொன்னதைக் கேட்டார்கள். அத்தனை பேர் முன்னால் ஒருத்தி மேல் பழி போட்டுவிட்டு, ஒட்டிய உறைக்குள் ரகசியமாகத் திருத்திக்கொள்வது யோக்கியமான செயல் இல்லை. ஆகவே ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறேன். அவர்கள் வேறு யாருக்குக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த வார்த்தை எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ, இதுவும் அவ்வளவு தூரம் போகட்டும்.

போன வாரம் மாப்பிள்ளை வந்திருந்தார். பதினோரு வருடத்தில் நான் அந்தோணியை மாப்பிள்ளை என்று சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும். ‘அவரு’ என்பேன், அல்லது ‘தூத்துக்குடிக்காரர்’ என்பேன். அவர் நம் வீட்டுக்குள் தனியாக வந்ததும் அதுதான் முதல் தடவை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, “அத்த, ஒரு விசயம் சொல்லிட்டுப் போயிருதேன்” என்றார். எத்தியோப்பியாவில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் எல்லோரும் போகிறோம் என்றார். அதைச் சொல்ல அவர் வரவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகுதான் உன் ஆபீஸில் நடந்த ரத்ததான முகாமைப் பற்றிச் சொன்னார். வருடா வருடம் முதல் ஆளாகப் போய்ப் படுப்பவள் நீ. இந்த முறையும் வரிசையில் நின்றிருக்கிறாய். நர்ஸ் கையில் ரப்பர் பட்டையைக் கட்டியதும், “வேண்டாஞ் சிஸ்டர். என்ற ரத்தம் ஆளக் கொல்லும்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறாய்.

“அந்த நர்ஸ் தமாசுன்னு நெனச்சுச் சிரிச்சிருக்கு. இவளும் சிரிச்சுக்கிட்டே வந்துட்டா. எங்கிட்டச் சொல்லுதப்பவும் சிரிக்கா. அழுதான்னா நான் பாத்துக்கிடுவேன். அந்தச் சிரிப்புதான் பயமா இருக்கு அத்த.”

அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “காப்பி சாப்புடறீங்களா?” என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

சுதா, உன்னிடம் நான் செய்த முதல் தவறு இது இல்லை. வரிசையாகச் சொன்னால்தான் கடைசித் தவறு எங்கிருந்து வந்தது என்பது உனக்கு விளங்கும். நீ அந்தோணியைக் கல்யாணம் செய்துகொண்டபோது நான் உன்னை வெளியே நிறுத்தினேன். பத்து வருடம் கன்னியாஸ்திரிகளிடம் படித்து, அவர்கள் ஜெபத்தை இன்றைக்கும் தவறில்லாமல் சொல்லக்கூடியவள், வேதக்காரப் பையன் என்பதற்காக மகளை ஒதுக்கினேன். உன் அப்பா இருந்திருந்தால் ஆறு மாதத்தில் சரியாகியிருப்பார். அவர் போன பிறகு யூனிட்டையும் வீட்டையும் ஒரே ஆளாக நடத்தியவள் என்று எனக்கு ஒரு பெருமை. என் சொல்லை மீறியவளுக்கு இறங்கிவந்தால் அந்தப் பெருமை போய்விடும் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் செந்திலுக்குக் கல்யாணம். நம் பக்கத்தில் இணைச்சீர் இல்லாமல் மாப்பிள்ளை மணவறைக்குப் போக முடியாது. கூறைச்சேலையின் ஒரு முனையை அவனும் மறுமுனையை உடன்பிறந்தவளும் பிடித்து நிற்க வேண்டும். நீ மண்டபத்துக்கு நான்கு தெரு தள்ளிக் குடியிருந்தாய். நான் உன் சித்தப்பா மகளைக் கூப்பிட்டு நிறுத்தினேன். செந்தில் சேலை முனையை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு, “அக்கா எங்கீங்கம்மா?” என்று கேட்டான். “இவளும் உனக்கு அக்காதான். நேரமாகுது, புடி” என்றேன். பிடித்தான். அன்று எடுத்த எந்தப் போட்டோவிலும் அவன் சிரிக்கவில்லை. வெயிலில் களைத்துவிட்டான் என்று ஆல்பம் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு நோய் வந்தபோது உனக்குப் போன் செய்யும் தைரியம்கூட எனக்கு இல்லை. பல் தேய்த்தால் ரத்தம், காரணமில்லாமல் தொடையில் நீலமாகக் கன்றிப்போன திட்டுகள், விடாத காய்ச்சல். கோவை ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மருந்து கொடுத்து அடக்கினாலும் திரும்ப வரும், வேறு ஒருவருடைய ஸ்டெம் செல்லை ஏற்றினால்தான் நிலைக்கும், கூடப்பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. செந்தில்தான், “எங்கக்கா இருக்குதுங்க டாக்டர்” என்று சொல்லி, அங்கேயே உனக்குப் போன் போட்டான். இரண்டு மணி நேரத்தில் நீ வந்து நின்றாய். பரிசோதனை முடிவு வந்ததும் நூற்றுக்கு நூறு பொருத்தம் என்றார் டாக்டர். சேலை முனையைப் பிடிக்கத் தகுதியில்லை என்று நான் விலக்கியவளைத் தவிர இந்த உலகத்தில் என் மகனுக்குப் பொருந்துகிற ஆள் வேறு யாரும் இல்லை. எனக்கு அது புரிந்தது. புரிந்தும் உன் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐந்து நாள் ஊசி போட்டார்கள். எலும்பெல்லாம் உளைகிறது என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். பிறகு மெஷினில் படுக்கவைத்து ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, வேண்டியதைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை மறு கை வழியாக உனக்கே திருப்பி ஏற்றினார்கள். செந்திலுக்கு ஏற்றிய பை கண்ணுக்குச் சாதாரண ரத்தப் பை மாதிரிதான் இருந்தது. சில மாதம் கழித்து அவன் ரத்தத்தைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து பி பாசிட்டிவாக இருந்தவன் உன்னைப் போல ஓ பாசிட்டிவாக மாறியிருந்தான். அன்று அவன் மாப்பிள்ளையைப் பார்த்து, “மாமா, இப்பெல்லாங் கருவாடு வாசம் வந்தா நாக்குல தண்ணி ஊறுதுங்க. உங்கூட்டு ரத்தமில்லீங்களா!” என்றான். நீ, “கருவாடு கெடக்குது, இனிமே உனக்கு என்னையாட்டமே கோவமும் வரும், சரண்யாவுக்குத்தான் கஷ்டம்” என்றாய். எல்லோரும் சிரித்தீர்கள். நான் அந்த அறையில்தான் இருந்தேன். சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்கவில்லை என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த மாதங்களில் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் உன்னைத்தான் புகழ்ந்தார்கள். “பெத்தவ ஒருக்கா உசுரு குடுத்தா, கூடப் பொறந்தவ மறுக்கா குடுத்துட்டா” என்று உன் சித்தி என் எதிரிலேயே சொன்னாள். நான் தள்ளிவைத்த மகள் இந்த வீட்டைக் காப்பாற்றிவிட்டாள் என்று ஊரே பேசியது. எனக்குப் பொறாமை வந்தது சுதா. பெற்ற மகள் மேல் தாய்க்குப் பொறாமை வருமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வரும். எனக்கு வந்தது. ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பட்டுச்சேலை வைத்து, விருந்தாளிக்குக் கொடுப்பதைப் போல உனக்குக் கொடுத்தேன். ‘இதோடு தீர்ந்தது’ என்ற எண்ணத்தில்தான் கொடுத்தேன். நீ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு என் காலைத் தொட்டாய். அப்போதும் நான் நேராகவே நின்றேன்.

பதினான்கு மாதம் கழித்து நோய் திரும்பியது. மறுபடியும் மருந்து கொடுத்தார்கள். அதோடு இன்னொன்றும் செய்து பார்க்கலாம் என்று டாக்டர் நம் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். உன் வெள்ளையணுக்களில் லிம்போசைட் என்று ஒரு வகையைப் பிரித்தெடுத்து அவனுக்கு ஏற்றுவது. “இந்தப் புற்றுநோய் செல் அவர் உடம்புக்குப் பழகின முகம், சொந்தக்காரன்னு நினைச்சு விட்டுருது. அக்காவோட செல்லுக்கு அது அந்நியன். பார்த்தா அடிக்கும். ஆனா அதுக்கு அவரோட தோலும் குடலும் ஈரலும்கூட அந்நியம்தான். அங்கேயும் கைவைக்கலாம். அதனால கொஞ்சமா ஆரம்பிப்போம். எட்டு வாரம் பார்த்துட்டு, போதலைன்னா கூட்டுவோம்” என்றார். நீதான் கேட்டாய், “என்ற செல்லு அவன் உடம்பவே அடிக்க ஆரம்பிச்சா என்னங்க பண்றது?” என்று. நான் உன் பேச்சை வெட்டி, “வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்றேன். டாக்டர் என்னைப் பார்க்காமல் உனக்குப் பதில் சொன்னார். “சரியான கேள்வி. அடக்க மருந்து இருக்கு. லேசா அரிப்பு வந்தா எனக்குச் சந்தோஷம்கூட, செல் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஆனா உள்ளங்கை, பாதம் சிவந்தா, வயித்தால போனா, கண் மஞ்சளானா, அன்னைக்கே எனக்கு போன் வரணும். மறுநாள் இல்லை.” அதையெல்லாம் இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாளை உன்னிடம் நீட்டினார். உன் கையிலிருந்து அதை நான் வாங்கிக்கொண்டேன். “எனக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியும்” என்றேன். வீட்டுக்கு வந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன்.

முதல் முறை ஏற்றியதில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. உன்னிடமிருந்து எடுத்ததில் மீதியை உறையவைத்திருந்தார்கள். எட்டு வாரம் கழித்து அதிலிருந்து அதிக அளவு எடுத்து ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஐந்து வாரம் செந்தில் தேறி வந்தான். இட்லி இரண்டு நான்காயிற்று. தன் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாடினான். வீட்டில் இருக்க முடியவில்லை என்று, டாக்டர் சொன்னதை மீறி ஒருநாள் சாயப்பட்டறைக்குப் போய்விட்டான். நேவி புளூ லாட்டில் நிறம் சரியில்லை என்று துணி வாங்கும் பையர் திருப்பியிருந்தான். அன்று மாலை என்னிடம் வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

“இங்க பாருங்கம்மா, கை தீயாட்டம் எரியுது.”

உள்ளங்கை இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன.

“ஈரத்துணியத் தொட்டியா?”

“ரெண்டு ரோல் புரட்டிப் பாத்தனுங்க.”

“சாய மருந்து இன்னுங் கழுவாத துணி. தொட்டா எரியாம என்ன பண்ணும்? உன்னய யாரு போகச் சொன்னது?”

முப்பது வருடமாக நான் பார்த்த கைகள் அப்படி. பிளீச்சிங்கிலும் சாயத்திலும் நின்று வெந்து, சிவந்து, தோல் உரிந்த கைகள். இந்த ஊரில் உள்ளங்கை சிவந்தால் யாரும் டாக்டரைத் தேடி ஓடுவதில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்கு வருவார்கள். நானும் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். டியூப்லைட் வெளிச்சத்தில் துணியின் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவள் என்று பெயர் வாங்கியவள், நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னேன். இதுவரை செய்தது அறியாமை என்று நீ மன்னிக்கலாம். அடுத்ததைப் படித்துவிட்டு மன்னிக்காதே.

சரண்யா அவன் காலைப் பார்த்துவிட்டு வந்தாள். “அத்தை, பாதத்துலயும் செவந்திருக்குதுங்க. துணியத் தொட்டது கையிலதானுங்களே?” என்றாள். “செருப்பில்லாம நின்னிருப்பான்” என்றேன். அவள் பிரிட்ஜ் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். “நங்கையாகிட்ட ஒரு போன் பண்ணிக் கேக்கலாங்களா?” என்றாள். நங்கையா என்று அவள் சொல்வது உன்னைத்தான். “ஒவ்வொண்ணுக்கும் அவளக் கேட்டுத்தான் இந்த ஊட்ல மூச்சு விடோணுமா?” என்றேன். அந்தப் பெண் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

சாயம் என்று நான் நம்பினேனா, அல்லது நம்ப விரும்பினேனா என்று இந்த ஒரு வருடம் என்னையே குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். முதல் நாள் நம்பினேன். இரண்டாம் நாள் சிவப்பு காது மடலுக்கும் கழுத்துக்கும் ஏறியது. அப்போது நான் நம்பவில்லை. ஆனால் போன் செய்தால், நேற்றே ஏன் செய்யவில்லை என்று டாக்டர் கேட்பார், நீயும் கேட்பாய். நான் தவறு செய்தேன் என்று உன் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். தானாக இறங்கிவிடும் என்று காத்திருந்தேன். மூன்றாம் நாள் வயிற்றால் போனது. மோரைக் குறை சொன்னேன். நான்காம் நாள் காலையில் அவன் கண் மஞ்சளாக இருந்தது. அதற்கு மேல் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. காரை எடுக்கச் சொன்னேன். உன்னிடம் சரண்யாதான் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் கையைப் பார்த்தவுடன், “எப்ப ஆரம்பிச்சது?” என்றார். “நேத்துங்க” என்றேன். செந்தில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். டாக்டர் எழுதிக்கொண்டு போனார். பிறகு அவன் மெதுவாக, “ஏனுங்கம்மா நேத்துன்னு சொன்னீங்க?” என்றான். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சாமி, நீ தூங்கு” என்றேன். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீ வந்து, எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டபோதும், “இப்பத்தாங்க்கா” என்றான். அம்மாவைத் தலைகுனிய விடக் கூடாது என்று அவன் நினைத்தான். அந்த வளர்ப்பு நான் கொடுத்தது.

இருபத்தாறு நாள். ஸ்டீராய்டு கொடுத்தார்கள், அடங்கவில்லை. அதைவிடப் பெரிய மருந்து கொடுத்தார்கள், எதிர்ப்புச் சக்தி முழுவதும் போய்க் கிருமி பிடித்தது. கடைசி நாள் நீ பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டு படியேறி வந்தாய். செந்தில் போய்விட்டான் என்று என்னிடம் அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். உன்னைப் பார்த்ததும், இந்த மகள் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்து ‘எத்தனை நாள்’ என்று என்னைக் கேட்பாள் என்ற பயம் வந்தது. நீ கேட்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். அந்த வாக்கியம் அப்படித்தான் பிறந்தது. நீ பிளாஸ்கை பெஞ்சில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாய். சாவுக்கு வந்தபோதும் தெருவிலேயே நின்றாய். உள்ளே வா என்று நான் ஆள் அனுப்பவில்லை.

மாப்பிள்ளை வந்துபோன மறுநாள் சரண்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “எனக்குத் தெரியுங்க அத்தை. நானும் அங்கதானுங்க இருந்தேன்” என்றாள். ஏன் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். “நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க. நாஞ் சொன்னா மாமியா மேல பழி போடறான்னு ஆகும். ஆனா நங்கையாவ நெனச்சா எனக்குச் சோறு எறங்கறதில்லீங்க. போன் எடுக்கவே வெக்கமா இருக்குது” என்றாள். இந்தப் பெண் உனக்கு ஒரு வருடமாகப் போன் செய்யாததற்கு, உன் மேல் அவளுக்குக் கோபம் என்றுதானே நீ நினைத்திருப்பாய்? அந்தக் கணக்கையும் திருத்திக்கொள்.

பிறகு இருவரும் கோவைக்குப் போய் டாக்டரைப் பார்த்தோம். “தேதியத் திருத்தோணுங்க” என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்றேன். “தெரியாதும்மா. முதல் நாளே மருந்து ஆரம்பிச்சும் சிலருக்கு அடங்கறதில்லை. சிலருக்கு அடங்கிருது. செந்தில் எந்தப் பக்கம்னு சொல்ல எனக்கு வழி இல்லை” என்றார். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு பதிலை வாங்கிக்கொண்டு வரப் போனவளுக்கு இதுதான் கிடைத்தது. இந்தத் ‘தெரியாது’ என்னோடுதான் இருக்கும். இருக்கட்டும். அடுத்து உன்னைப் பற்றிக் கேட்டேன். அவர் பைலைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். செந்தில் போவதற்கு இரண்டு நாள் முன்னால் எலும்பு மஜ்ஜையில் எடுத்த பரிசோதனை. முடிவு அவன் போன பிறகுதான் வந்திருக்கிறது. அதில் புற்றுநோய் இல்லை. “அக்காவோட செல் என்ன வேலைக்குப் போச்சோ அதை முழுசாச் செஞ்சிருக்கு. அதோட வேகத்தை அடக்கறது எங்க வேலை. எங்களுக்குச் சொல்றது வீட்டுல இருக்கறவங்க வேலை” என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

அந்தத் தாளின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னைத் தேற்றுவதற்காக இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். உன் அணுக்கள் அவன் குடலையும் ஈரலையும் தாக்கியது உண்மைதான். அப்படி நடக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டவள் நீ ஒருத்திதான். அதைத் தடுக்கச் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று, ஒரு போன். டாக்டர் கொடுத்த அந்த எச்சரிக்கைத் தாளை உன் கையிலிருந்து பிடுங்கியவள் நான். பிடுங்கிப் படித்தேன், எனக்குப் புரிந்தும் இருந்தது, செய்யவில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்குப் போய்விட்டது. ஆனாலும் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாய், அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். பிள்ளைகள் முன்னால் தவறு செய்தால் அன்றே அவர்களிடம் சொல்லிவிடு. அம்மா தப்புச் செய்வாள் என்று தெரிந்த பிள்ளை, அம்மா ‘நேத்து’ என்று சொல்லும்போது, “இல்லீங்க டாக்டர், நாலு நாளாச்சு” என்று சொல்லும். என் பிள்ளைக்கு நான் அந்தத் தைரியத்தைக் கொடுக்கவில்லை.

ஊரைவிட்டுப் போக வேண்டாம் என்று கேட்க மாட்டேன். போ, நன்றாக இரு. எங்கே போனாலும் ரத்தம் கொடுக்கச் சொன்னால் கொடு. உனக்கு வர வேண்டிய கோபம் ஒரு வருடமாக வழி தெரியாமல் உன் மேலேயே பாய்ந்துகொண்டிருக்கிறது. அதை என் பக்கம் திருப்பு. அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது, தாங்குவாளா என்றெல்லாம் பார்க்காதே. நான் செத்த பிறகு உனக்குத் தெரியவந்தால் யாரிடம் போய்க் கோபப்படுவாய்? கிளம்புவதற்குள் ஒரு நாள் வா. உட்கார வேண்டாம், தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம். வாசலில் நின்றபடியே, மரியாதை பார்க்காமல், அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி, என்னென்ன கேட்க வேண்டுமோ அத்தனையும் கேள். இந்தத் தடவை நான் குறுக்கே பேச மாட்டேன்.

அம்மா